ஜன்னலோரம் உங்களை நீங்களே படம் எடுக்கிறீர்களா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கேமராவை ட்ரைபாடில் மாட்டி, பத்து விநாடி டைமரை அழுத்திவிட்டு, ஜன்னலோரம் கிடக்கும் நாற்காலிக்கு ஓடிப்போய் உட்கார்ந்து, முடியைச் சரிசெய்து, சிரித்து முடித்துத் திரும்பி வந்து பார்த்தால் முகம் மங்கல். பின்னால் தொங்கும் திரைச்சீலை மட்டும் நூல் நூலாகத் தெளிவு. முதல் நாள் இப்படி நாற்பது படத்துக்கு மேல் எடுத்துவிட்டு, லென்ஸ் கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டினேன். லென்ஸ் நன்றாகத்தான் இருந்தது. நான் பொத்தானை அழுத்திய நொடியில் நாற்காலி காலியாக இருந்தது. கேமரா தன் கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

தன்னைத்தானே எடுக்கும் படங்களில் வரும் தொல்லைகளுக்குப் பெரும்பாலும் இதுதான் வேர். இன்னொருவரை எடுக்கும்போது கேமராவுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார், முன்னாலும் ஒரு ஆள் இருக்கிறார். இங்கே இருப்பது ஒரே ஆள், ஒரு பக்கம் இருந்தால் மறு பக்கம் காலி. அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை முடிவு செய்தது நானா, கேமராவா? கேமரா என்றால், அப்போது நான் எங்கே இருந்தேன்?

## தொடங்கும் இடம்

மேகம் மூடிய பகல், நடுத்தர அளவு ஜன்னல், அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நீங்கள். இந்த நிலைமைக்கு மேனுவல் மோடில் (எல்லா அளவையும் நீங்களே வைக்கும் முறை) எஃப்/4 (லென்ஸ் துளையின் திறப்பு, எண் சிறிதானால் திறப்பு பெரிது), 1/125 விநாடி (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), ஐஎஸ்ஓ 800 (கேமராவின் ஒளியுணர்வு) என்று தொடங்கலாம். ஒளியின் நிறத்தைச் சமன் செய்யும் ஒயிட் பேலன்ஸ், டேலைட். அறை விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். கேமரா உங்களிடமிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி, லென்ஸ் உங்கள் கண் மட்டத்தில் இருக்கட்டும்.

ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கேமராவின் சின்னத் திரையில் முழுப் படமாகப் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் தெரியும். கண் இருக்கும் இடத்தை நன்றாகப் பெரிதாக்கினால்தான் உண்மை வெளிவரும். என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று கடைசிவரை தெரியாது.

## முகம் மங்கல், பின்னால் இருப்பது தெளிவு

பல கேமராக்களில் டைமர் வைக்கும்போது ஃபோகஸ் பூட்டப்படுவது பொத்தானை அழுத்தும் நொடியில். நடுவில் நீங்கள் பிரேமுக்குள் வந்து உட்கார்ந்ததை அது கண்டுகொள்வதில்லை. உங்கள் கேமரா அந்த ரகமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. தூரத்தில் சுவர் தெரியும்படி வைத்து டைமரை அழுத்துங்கள். விளக்கு மினுக்கத் தொடங்கியதும் லென்ஸுக்கு எதிரே ஒரு மீட்டர் தள்ளிக் கையை நீட்டிக் காத்திருங்கள். படத்தில் கை மங்கலாகவும் சுவர் தெளிவாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சரிசெய்யப் பல வழிகள் இருக்கின்றன. நான் இன்றும் நம்புவது பழைய வழியைத்தான், அதாவது உங்களுக்குப் பதில் ஒரு பொம்மை ஆளை நிறுத்துவது. துடைப்பமோ குடையோ எதுவானாலும் சரி, உங்கள் கண் வரப்போகும் உயரத்தில், அதே இடத்தில் நிற்க வேண்டும். அதன் மேல் பெரிய எழுத்து அச்சிட்ட காகிதம் ஒன்றைக் கிளிப்பில் மாட்டுங்கள். வெறும் வெள்ளைத் தலையணையை வைத்தால் ஆட்டோ ஃபோகஸ் பிடிப்பு இல்லாமல் முன்னும் பின்னும் அலையும். அதற்குக் கறுப்பு வெள்ளைக் கோடு ஏதாவது வேண்டும். அப்புறம் வரிசையாக:

1. எழுத்தின் மேல் ஆட்டோ ஃபோகஸ் வைத்துப் பிடியுங்கள்.
2. பிடித்ததும் லென்ஸிலோ மெனுவிலோ மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றுங்கள்.
3. பொம்மை ஆளை எடுத்துவிட்டு அதே இடத்தில் நீங்கள் வாருங்கள்.
4. தரையில் கால் வைக்கும் இடத்தில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஆட்டோவிலேயே விட்டுவிட்டால், அடுத்த முறை பொத்தானை அழுத்தியதும் கேமரா மறுபடி காலி நாற்காலியைத் தாண்டித் திரைச்சீலைக்கே போய்விடும். ஜூம் லென்ஸ் என்றால் ஃபோகஸ் பிடித்த பிறகு ஜூமையும் தொடாதீர்கள். பல லென்ஸ்களில் ஜூமைத் திருப்பினால் ஃபோகஸும் நகர்ந்துவிடும்.

நாற்காலியில் உட்கார்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். டேப் கால்களைத்தான் நிறுத்தும், முகத்தை நிறுத்தாது. முன்னால் சாய்ந்தால் முகம் இருபது சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். இதற்குக் கயிறு உதவும். ட்ரைபாடின் தலையில் ஒரு நூலைக் கட்டி, காகிதம் இருந்த இடம்வரை இழுத்து அங்கே முடிச்சுப் போடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நூலை இறுக்கிப் பிடித்து முடிச்சு கன்னத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் படுகிறதா என்று பார்த்துவிட்டு நூலைக் கீழே போடுங்கள். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பார்க்க அங்கே யாரும் இல்லையே.

புதுக் கேமரா, கண்ணைக் கண்டுபிடிக்கும் ஆட்டோ ஃபோகஸ் உண்டு என்றால் இந்தக் கூத்தெல்லாம் தேவையில்லை. அசைவைப் பின்தொடர்ந்துகொண்டே இருக்கும் தொடர் ஃபோகஸில் வைத்து, போனில் கேமரா நிறுவனத்தின் ஆப் வழியாகவோ ரிமோட் வழியாகவோ நீங்கள் இடத்தில் உட்கார்ந்த பிறகு அழுத்துங்கள். முடிவெடுக்கும் நேரத்தில் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள், பிரச்சினை தீர்ந்தது. ஒரே கவனம், ரிமோட் கை பிரேமுக்குள் வரும். இரண்டு விநாடி டைமரையும் சேர்த்து வைத்தால் கையைக் கீழே இறக்க நேரம் கிடைக்கும்.

போனில் பின்பக்கக் கேமரா வைத்து எடுப்பவர்கள், திரையில் பொம்மை ஆளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும்.

## ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல்

ஃபோகஸ் சரி, அதன் ஆழம் போதவில்லை. பின்னணி கரைய வேண்டும் என்ற ஆசையில் எஃப்/1.8-க்குத் திறந்திருப்பீர்கள். முழு பிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 50 மி.மீ. லென்ஸை ஒன்றரை மீட்டரில் வைத்தால் எஃப்/1.8-ல் தெளிவாக விழும் ஆழம் சுமார் 10 செ.மீ. அதுவே 85 மி.மீ. என்றால் மூன்றரை செ.மீ.தான். இரண்டு கண்களுக்கும் இடையே ஏறக்குறைய 6 செ.மீ. இருக்கிறது, முகத்தை 45 பாகை திருப்பினால் ஒரு கண் மற்றதைவிட நாலு செ.மீ.க்கு மேல் பின்னால் போய்விடும். மூன்றரைக்குள் நாலு அடங்காது.

எஃப்/4-க்கு வாருங்கள். 50 மி.மீ. லென்ஸில் ஆழம் இருபது செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும். மூச்சு விட்டு அசைந்தாலும் தாங்கும். பின்னணி கரைய வேண்டுமானால் சுவரிலிருந்து தள்ளி உட்காருங்கள். உங்களுக்கும் சுவருக்கும் இடையே இரண்டு மீட்டர் இருந்தால் எஃப்/4-லேயே அழகாகக் கரையும். யாரோ ஒருவர் கேமராவுக்குப் பின்னால் இருந்து ஒவ்வொரு படத்துக்கும் ஃபோகஸ் பார்த்துக்கொண்டால் எஃப்/1.4 வைத்து விளையாடலாம். தனியாக எடுக்கும்போது அது சூதாட்டம்.

## எல்லாமே லேசாக இழுபட்ட மாதிரி

முதலில் பின்னணியைப் பாருங்கள். சுவரும் மேசையும் கூர்மையாக இருந்து நீங்கள் மட்டும் இழுபட்டிருந்தால், நீங்கள் அசைந்திருக்கிறீர்கள். எல்லாமே இழுபட்டிருந்தால் கேமரா அசைந்திருக்கிறது: ட்ரைபாடின் நடுத்தண்டை முழுதாக உயர்த்தியிருப்பீர்கள், அல்லது மரத்தரையில் நீங்கள் ஓடியது அடங்கும் முன் படம் விழுந்திருக்கும்.

"ட்ரைபாடில்தானே இருக்கிறது, 1/15 போதும்" என்று நினைப்பது பொதுவான தவறு. ட்ரைபாட் கேமராவைத்தான் அசையாமல் பிடிக்கும், உங்களைப் பிடிக்காது. ஓடி வந்து உட்கார்ந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். 1/125-க்குக் கீழே போகாதீர்கள். சிரிப்பு, தலைமுடியைக் கோதுவது போன்ற அசைவு இருந்தால் 1/250. குறையும் வெளிச்சத்தை ஐஎஸ்ஓ ஈடுகட்டட்டும்.

## முகம் கறுத்துவிட்டது, ஜன்னல் வெள்ளையாக வெடித்துவிட்டது

ஜன்னல் உங்களுக்குப் பின்னால் இருக்கிறது, அல்லது பிரேமுக்குள் பெரிதாக விழுகிறது. வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் அளவுமானிக்கு ஒரு பிடிவாதம் உண்டு: எதைக் காட்டினாலும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். பிரேமில் பாதி வெளுத்த வானம் என்றால் அதைச் சாம்பலாக்கும் வேலையில் உங்கள் முகத்தைக் கரியாக்கிவிடும்.

செட்டிங்கைத் தொடும் முன் நாற்காலியைத் திருப்புங்கள். ஜன்னல் உங்கள் பக்கவாட்டிலோ, சற்று முன்னாலோ வர வேண்டும். கேமராவையும் ஜன்னல் சுவரை ஒட்டியே வைத்துவிட்டால் ஜன்னல் பிரேமுக்குள் வரவே வராது. பின்னொளிதான் வேண்டும், முடியின் ஓரம் ஒளிர வேண்டும் என்றால் ஜன்னல் வெடிப்பதை ஏற்றுக்கொண்டு முகத்துக்கு எக்ஸ்போஷர் வையுங்கள். ஆட்டோவில் இருந்தால், கேமரா முடிவு செய்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1-லிருந்து +2 வரை ஏற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே படத்தில் காப்பாற்ற நினைப்பது, ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு) எடுத்தால் ஓரளவு நடக்கும். ஜேபெக்கில் வெடித்த வெள்ளை வெடித்ததுதான்.

இதற்கு நேர்மாறான பிழை ஒன்றும் உண்டு, அதைப் பலர் பிழையாகவே நினைப்பதில்லை. கறுப்பான அல்லது மாநிற முகம் பிரேமை நிறைத்தால், அதே அளவுமானி அதையும் நடுத்தரச் சாம்பலுக்கு ஏற்றி வெளுக்க வைக்கும். பல போன்களின் அழகூட்டும் வசதி இன்னும் ஒருபடி மேலே போகும். அது சரியான எக்ஸ்போஷர் இல்லை, வேறு யாரோ ஒருவரின் நிறம். காம்பன்சேஷனை −⅓ முதல் −1 வரை இறக்குங்கள். கன்ன மேட்டின் பளபளப்பு திரும்பி வரும், முகத்தின் வடிவமும் வரும்.

## அதே இடம், அதே செட்டிங், ஆனால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறுகிறது

"அதே செட்டிங்" என்றால் உண்மையில் மேனுவலா? அப்பர்ச்சர் மோடில் (திறப்பை நீங்கள் வைக்க, மற்றதைக் கேமரா முடிவு செய்யும் முறை) இருந்தால், நீங்கள் பிரேமில் இல்லாதபோது ஒரு அளவு, கறுப்புச் சட்டையோடு வந்து நின்றால் வேறொரு அளவு என்று கேமரா மாற்றிக்கொண்டே இருக்கும். மேனுவலுக்குப் போய், ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருந்தால் அதையும் ஒரு எண்ணில் நிறுத்துங்கள். பலர் ஆட்டோ ஐஎஸ்ஓவை வைத்துக்கொண்டே மேனுவலில் எடுப்பதாக நம்புகிறார்கள்.

எல்லாம் மேனுவல், இருந்தும் மாறுகிறது என்றால் குற்றவாளி மேகம். ஒரு மேகம் விலகினால் ஜன்னல் வெளிச்சம் இரண்டு மடங்கு ஏறுவது சாதாரணம். பத்துப் படத்துக்கு ஒருமுறை, படத்தின் வெளிச்சப் பரவலை வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமை எட்டிப் பாருங்கள்.

கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடி வியூஃபைண்டர் உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராவில் இன்னொரு ஒளிந்த காரணம் இருக்கிறது. வழக்கமாக உங்கள் கண் அந்தத் துளையை மூடியிருக்கும். டைமரில் எடுக்கும்போது துளை திறந்து கிடக்கிறது. கேமராவுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் வெளிச்சம் அந்த வழியாக உள்ளே புகுந்து அளவுமானியைக் குழப்பும், படம் கறுத்துப்போகும். சில கேமராக்களைத் தோளில் மாட்டும் வாரில் கோத்து வரும் சின்ன ரப்பர் மூடி இதற்காகத்தான். அது காணாமல் போயிருந்தால் ஒரு கறுப்புத் துணியைப் போட்டு மூடுங்கள். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

## பாதி முகம் இருட்டில் மூழ்குகிறது

ஜன்னல் சரியாகத் தொண்ணூறு பாகையில் இருக்கிறது. நாடகத்தனமான படம் வேண்டுமென்றால் அப்படியே விடுங்கள். இல்லையென்றால் மூக்கை ஜன்னல் பக்கம் மெல்லத் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில், இருண்ட கன்னத்தில் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோணமாக வெளிச்சம் விழும். டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் பெயராலேயே இதை ரெம்ப்ராண்ட் ஒளி என்பார்கள். இன்னும் திருப்பினால் முக்கோணம் விரிந்து கன்னம் முழுக்கப் பரவும். நடுவில் எங்கே நிறுத்துவது என்பது உங்கள் ரசனை.

திருப்புவதைக் கேமராவுக்குப் பின்னால் நின்று பார்க்க முடியாதே என்றால், போனை லென்ஸுக்குப் பக்கத்தில் முன்பக்கக் கேமராவோடு நிறுத்தி வையுங்கள். படம் எடுக்க அல்ல, கண்ணாடியாக. உண்மையான கைக்கண்ணாடியை அங்கே சாய்த்து வைத்தாலும் போதும்.

முகத்தைத் திருப்பாமல் நிழலை மட்டும் தூக்க வேண்டுமென்றால், இருண்ட பக்கத்தில் வெள்ளையாக எதையாவது நிறுத்துங்கள். சார்ட் அட்டை, தெர்மோகோல், நாற்காலி முதுகில் போட்ட வெள்ளைப் போர்வை. முகத்திலிருந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லையே" என்பவர்கள் அதிகம். பிரேமுக்குள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு அருகே கொண்டுவந்து, அங்கிருந்து ஒரு விரற்கடை பின்னே தள்ளுங்கள்.

ஜன்னலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் இங்கே பேசும். ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தால் ஒளி மென்மை, ஆனால் பின்னறை சட்டென்று இருண்டுவிடும். ஒன்றிரண்டு மீட்டர் உள்ளே வந்தால் உங்கள் மேல் விழும் வெளிச்சம் குறையும், பின்சுவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் குறையும், நிழலின் ஓரம் கொஞ்சம் கெட்டிப்படும். அறையும் தெரிய வேண்டும் என்றால் உள்ளே வாருங்கள். முகம் மட்டும் போதும் என்றால் ஜன்னலை ஒட்டிப் போங்கள்.

## முகம் அப்பளம் மாதிரித் தட்டை

ஜன்னலுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, கேமராவும் ஜன்னல் பக்கமே இருக்கிறது. நிழலே இல்லை. நாற்காலியை அப்படியே வைத்துக் கேமராவை மட்டும் பக்கவாட்டுக்குக் கொண்டுபோங்கள். வெள்ளைச் சுவர் உள்ள சின்ன அறையில் அப்படியும் தட்டையாகவே வந்தால் சுவர்கள் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன என்று பொருள். நிழல் பக்கம் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள், கன்னத்துக்கு ஆழம் வரும்.

## கண்ணுக்குக் கீழே குழி, தூங்காதவர் மாதிரி

ஜன்னல் உங்கள் தலைக்கு மேலே இருக்கிறது. தரையில் உட்கார்ந்தாலோ, ஜன்னல் உயரத்தில் இருந்தாலோ ஒளி மேலிருந்து விழுந்து கண்குழிகளை நிழலாக்கும். எழுந்து நில்லுங்கள், அல்லது உயரமான நாற்காலி போடுங்கள். ஜன்னலிலிருந்து சற்றுத் தள்ளி வந்தாலும் ஒளியின் சாய்வு குறையும். மடியில் வெள்ளைத் துணியை விரித்தால் கீழிருந்து கொஞ்சம் நிரப்பும். கண்மணியில் ஜன்னலின் சின்ன வெள்ளைப் பிம்பம் தெரிகிறதா என்று பாருங்கள். அது தெரிந்தால் குழி போய்விட்டது என்று அர்த்தம்.

தரைவரை இறங்கும் ஜன்னலில் எதிர்ப்பிழை வரும்: தாடைக்கு அடியிலிருந்து வெளிச்சம் ஏறிப் பேய்க்கதை முகமாகிவிடும். ஜன்னலின் கீழ்ப்பாதியைப் போர்வையால் மூடிவிடுங்கள்.

## மூக்கின் நிழல் கத்தி மாதிரி, நெற்றி பளபள

நேர் வெயில் விழுகிறது. மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிடுங்கள். வெயில் திரையில் பட்டுத் திரையே பெரிய விளக்காகிவிடும். ஆனால் ஒன்று: வெயில் படாத ஜன்னலில் திரை போட்டால் பெரிதாக மென்மை கூடாது. அங்கே வானமே ஏற்கெனவே மென்மையான விளக்கு. திரை வெளிச்சத்தைத்தான் குறைக்கும். மென்மை வேண்டும் என்று எப்போதும் திரையை இழுத்துவிட்டு, அப்புறம் ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வடக்குப் பார்த்த ஜன்னல்தான் சிறந்தது என்று எங்கும் படிப்பீர்கள். அது வட அட்சரேகைகளில், கடகரேகைக்கு மேலே இருப்பவர்களுக்குச் சொன்னது. அங்கே சூரியன் பெரும்பாலும் தெற்குச் சாய்வாகவே போகும். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையே வாழ்பவர்களுக்கு ஆண்டின் ஒரு பகுதியில் வடக்கு ஜன்னலிலும் வெயில் விழும். தென்கோளத்தின் கீழ்ப்பகுதியில் கதை தலைகீழ். திசையை மறந்துவிட்டு, இன்று இந்த நேரத்தில் வெயில் நேராக விழாத ஜன்னல் எது என்று மட்டும் பாருங்கள்.

## ஒரு பக்கம் நீலம், மறு பக்கம் ஆரஞ்சு

அறை விளக்கு எரிகிறது. ஜன்னல் வெளிச்சம் 5500 கெல்வினை (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், மஞ்சள் பல்பு 2700-ஐ ஒட்டி. கேமராவால் ஒன்றுக்குத்தான் சமன் செய்ய முடியும். விளக்கை அணைப்பதைத் தவிர வேறு மருந்து கிடையாது. படத்தில் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழுந்தாலும் சந்தேகப்பட வேண்டியது அதே விளக்கைத்தான், குறிப்பாகச் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில்.

முழுப் படமும் நீலம் என்றால் ஒயிட் பேலன்ஸை ஷேடுக்கு மாற்றுங்கள். முகம் பச்சையடித்தால் வெளியே எட்டிப் பாருங்கள்: மரமோ புல்வெளியோ வெயிலில் குளித்துக்கொண்டிருக்கும், அந்தப் பச்சைதான் உள்ளே வருகிறது. வண்ணம் பூசிய சுவரும், ஏன், நீங்கள் போட்டிருக்கும் சட்டையும் தாடைக்கு அடியில் சாயம் ஏற்றும். முகம் வரும் இடத்தில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துக் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுத்தால் ஒளியின் பொதுச்சாயம் சரியாகும். சட்டையின் சாயத்துக்குச் சட்டையை மாற்ற வேண்டியதுதான்.

## மூக்கு பெரிது, காது காணோம்

லென்ஸைத் திட்டாதீர்கள், தூரம்தான் காரணம். கையை நீட்டி எடுக்கும்போது கேமராவுக்கும் மூக்கு நுனிக்கும் 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், காது அதிலிருந்து இன்னும் 12 செ.மீ. பின்னால், அதாவது 42. காதைவிட மூக்கு 1.4 மடங்கு பெருக்கப்பட்டுத் தெரியும். ஒன்றரை மீட்டர் தள்ளிப்போனால் 150-க்கு 162, வித்தியாசம் நூற்றுக்கு எட்டுதான். தள்ளி வைத்து எடுங்கள், தேவைப்பட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

## புள்ளி புள்ளியாக, மணல் தூவியது போல

ஐஎஸ்ஓவை ஏற்றப் பயந்து கறுப்பாக எடுத்துவிட்டு, பிறகு கணினியில் தூக்கியிருப்பீர்கள். புள்ளிகள் நிழலில்தான் குடியிருக்கின்றன. கறுத்த படத்தைத் தூக்கினால் அவையும் சேர்ந்து எழுந்து வரும். ஐஎஸ்ஓ 1600-ல் சரியான வெளிச்சத்தோடு எடுத்த முகம், 400-ல் கறுப்பாக எடுத்துத் தூக்கியதைவிட மோசமாக இருக்காது, பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும்.

## மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் தெரிகிறது

வந்த கோணத்திலேயே ஒளி திரும்பும். முகத்தை ஜன்னலிலிருந்து சற்று அப்பால் திருப்புங்கள், அல்லது மோவாயை ஒரு விரல் அளவு இறக்குங்கள். கண்ணாடியின் காம்புகளைக் காதுக்கு மேல் லேசாகத் தூக்கி வைத்தால் சில்லு கீழ்நோக்கிச் சாயும். நேரே பார்ப்பவருக்கு அது தெரியாது.

## படம் முழுக்கப் புகைமூட்டம்

லென்ஸைத் துடையுங்கள். போன் என்றால் கண்டிப்பாகத் துடையுங்கள்.

## தலை வெட்டுப்பட்டது, ஆள் ஓரமாக நிற்கிறார்

இது மிகப் பழைய பிழை. 1839-ல் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கொர்னேலியஸ் தன்னைத்தானே எடுத்த டாகரோடைப் (வெள்ளி பூசிய தகட்டில் பதியும் ஆரம்பகாலப் புகைப்படம்), இன்று நம்மிடம் இருக்கும் மிகப் பழைய முகப் புகைப்படங்களில் ஒன்று. அதிலும் அவர் நடுவில் இல்லை, ஒரு பக்கம் ஒதுங்கித்தான் நிற்கிறார், முடியும் கலைந்திருக்கிறது. பிரேமைப் பார்க்க அவருக்கு ஆள் இல்லை. நமக்கும் இல்லை. திரையைத் திருப்பிப் பார்க்கும் வசதி இருந்தால் திருப்புங்கள். இல்லாவிட்டால் தேவையானதைவிட விரிவாக எடுத்து, நாலு பக்கமும் இடம் விட்டு, பிறகு வெட்டுங்கள்.

## எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் அது நான் மாதிரி இல்லை

இதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் கலந்திருக்கும்.

ஒன்று கண்ணாடிப் பழக்கம். தினமும் பார்ப்பது இடவலம் மாறிய முகத்தை. கேமரா தருவது மற்றவர்கள் பார்க்கும் முகத்தை. வகிடு பக்கம் மாறி, புருவம் கோணலாகி, ஏதோ சரியில்லை என்று தோன்றும். 1977-ல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், தங்கள் படத்தின் இரண்டு வடிவங்களையும் பார்த்தவர்கள் கண்ணாடி வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கு நெருக்கமானவர்கள் நேர் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எடிட்டிங் ஆப்பில் படத்தைக் கிடைமட்டமாகப் புரட்டிப் பாருங்கள். புரட்டியதும் மனசு சமாதானமானால் படத்தில் குற்றமில்லை. எழுத்துள்ள சட்டை போடாத வரை புரட்டியதையே வைத்துக்கொண்டாலும் யாருக்கும் தெரியாது.

மற்றது, முகம் உறைந்துபோவது. டைமர் ஒன்பது, பத்து என்று எண்ணும்போது எல்லா முகமும் அடையாள அட்டை முகமாகிவிடும். அதோடு போன் திரையில் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் பார்வை லென்ஸுக்குக் கீழே விழும். திரையை மறைத்துவிடுங்கள், லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டை ஒட்டி அதைப் பாருங்கள். ஒற்றை டைமரை விட்டுவிட்டு, மூன்று விநாடிக்கு ஒன்றாக நாற்பது படம் எடுக்கும்படி இன்டர்வல் டைமரை வையுங்கள். மொத்தம் இரண்டே நிமிடம். முதல் பத்துப் படங்களில் நீங்கள் போஸ் கொடுப்பீர்கள். பிறகு சலித்துப்போய் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்ப்பீர்கள், முடியை ஒதுக்குவீர்கள், எப்போது முடியும் என்று கேமராவைத் திரும்பிப் பார்ப்பீர்கள். எனக்குப் பிடித்த படம் பெரும்பாலும் இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில்தான் கிடைத்திருக்கிறது. ஃபோகஸ் மேனுவலில் பூட்டியிருக்கிறதா என்று மட்டும் ஓட விடும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.